விசேஷ விருந்துக்கு எடுத்துவைத்த ப்ரூட் ஷாம்பெயின்: காப்பதும் திறப்பதும்
(நிலவறை, தக்கை, உப்புச்சுவை என்ற பெயர்களில் மூவர் சொல்லும் யோசனைகள்)

நிலவறை:
ப்ரூட் என்றால் சர்க்கரை குறைந்த ஷாம்பெயின். லேபிளில் வருஷம் போடாத ப்ரூட்டைப் பத்து வருஷம் பூட்டிவைக்காதீர்கள். அது குறைந்தது 15 மாதமும், வருஷம் போட்டது 3 வருஷமும் தயாரிப்பாளரின் நிலவறையில் கிடந்துதான் வெளியே வருகிறது. நம் கைக்கு வரும்போதே குடிக்கும் பக்குவம். இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஒரு நல்ல நாள் பார்த்துத் திறந்துவிடுங்கள். பின்லேபிளில் 'தெகோர்ஜ்மான்' தேதி இருந்தால் அதிலிருந்து எண்ணுங்கள். வண்டலை நீக்கிய நாள் அது.

வைக்கும் இடம் இருட்டாக, 10–12 டிகிரியில் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள அலமாரி கூடவே கூடாது. வெளிச்சம் பட்டால் மதுவிலுள்ள ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் வினைபுரிந்து கந்தகச் சேர்மங்கள் உண்டாகும். வெந்த முட்டைக்கோஸ் வாடை அடிக்கும். நிறமற்ற கண்ணாடியில் இது வெகு சீக்கிரம் நடக்கும். நிறமற்ற பாட்டிலில் வரும் 'கிறிஸ்டால்' என்ற ஷாம்பெயினைச் சுற்றியிருக்கும் செலோஃபேன் தாள் அதற்குத்தான், பிரிக்காதீர்கள்.

தக்கை:
குளிரவைக்க ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம், அல்லது பாதி ஐஸ் பாதி தண்ணீர் ஊற்றிய வாளியில் அரை மணி நேரம். வெறும் ஐஸ் பாட்டிலோடு ஒட்டி நிற்காது, குளிர் மெதுவாகத்தான் ஏறும். ஃப்ரீசர் வேண்டாம், மறந்தால் வெடிக்கும்.

உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம். கட்டைவிரலைத் தக்கைமேல் வைத்தபடியே கம்பியை அரைச்சுற்றாக ஆறு முறை திருப்பித் தளர்த்துங்கள். பாட்டிலைச் சாய்த்து, தக்கையை இறுக்கிப் பிடித்து, பாட்டிலை மட்டும் திருப்புங்கள். 'புஸ்' என்ற மெல்லிய சத்தம் போதும். பொங்கி வழிந்தால் பெரும்பாலும் குளிர் பற்றவில்லை, இல்லையேல் பாட்டில் குலுங்கியிருக்கிறது.

உப்புச்சுவை:
லேபிள் ஏமாற்றும். 'ட்ரை' என்றால் இனிப்பில்லாதது என்று நினைப்போம். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றால் லிட்டருக்கு 12–17 கிராம் சர்க்கரை. ப்ரூட்டில் 12-க்கும் கீழே. பெயரில் 'ட்ரை' இருப்பதுதான் கூடுதல் இனிப்பு!

ப்ரூட்டை கேக்கோடு வைப்பதுதான் பெரிய தவறு. நாக்கில் இனிப்பு இருக்கும்போது மது வெறும் புளிப்பாகத் தெரியும். சிப்பி, கொம்தே சீஸ், வறுத்த மீன், க்ரீமில் வெந்த கோழி இவற்றோடு ஊற்றுங்கள். கேக்குக்கு தெமி-செக் என்ற இனிப்பான ஷாம்பெயினை எடுங்கள்.

நிலவறை:
ஆமாம். கோப்பையையும் கவனியுங்கள். சோப்பு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். மிச்சமிருந்தால் பாட்டில் வாயில் கரண்டி செருகிப் பயனில்லை. ஷாம்பெயினுக்கான கவ்வு மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள்.