பழைய குழித்தட்டில் நாற்றழுகல்: எப்படிக் கழுவுவது?

கேள்வி:
98 குழித் தட்டு நான்கில் தக்காளி விதைத்தேன். முளைத்து ஒரு வாரத்தில் தண்டின் அடி நைந்து, பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. விதையும் தென்னைநார்க் கழிவும் புதியவை. தட்டு மட்டும் போன பருவத்தது, தண்ணீரில் அலசியிருந்தேன். அதுதான் காரணமா?

நாற்றுப்பண்ணைக்காரர்:
தட்டின் மேல்தான் என் சந்தேகம். குழியில் ஒட்டிய வேர்த்துணுக்கிலேயே நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் பூசணம் அடுத்த விதைப்பு வரை உயிரோடு கிடக்கும். நாங்கள் முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷும் வைத்து, மண் துளிகூட இல்லாமல் தேய்ப்போம். அழுக்கோடு பிளீச்சில் முக்கினால் குளோரின் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். அப்புறம்தான் ஒரு பங்கு பிளீச் திரவம், ஒன்பது பங்கு தண்ணீர். அரை மணி நேரம் முழுதாக மூழ்கட்டும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். பிறகு நன்றாக அலசிக் காய வையுங்கள். கழுவிய தட்டை மட்டும் தயவுசெய்து வெறும் மண்தரையில் அடுக்காதீர்கள். ஒரு வருஷம் அப்படி அடுக்கித்தான் கத்தரி நாற்று முழுவதையும் இழந்தேன்.

மாடித்தோட்டக்காரர்:
பிளீச்சோடு கழிவறை ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கையுறை கட்டாயம்.

கேட்டவர்:
சரி ஐயா, தட்டுகள் என் வீட்டில் மண்தரையில்தான் இருந்தன. மீதி நாற்று பிழைக்குமா?

நாற்றுப்பண்ணைக்காரர்:
சாய்ந்ததைக் குழியிலுள்ள தென்னைநார்க் கழிவோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நிமிர்ந்து நிற்பவற்றில் சில தேறும்.