ராத்திரியில் தானாக ஓடிய பம்ப்: மட்டுப்பா சோலார் ஹீட்டர் அனுபவங்கள்

பார்வதிபுரம்காரன்:

எங்கள் வீட்டு மட்டுப்பாவில், அதாவது மொட்டைமாடியில், இருப்பது 2016-ல் வைத்த 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர். இருபது கண்ணாடி டியூப், மேலே டேங்க். எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். துணி காயப்போடப் போகிறவர்கள் அதில் ஒரு கொடியைக் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான் பராமரிப்பு.

போன கார்த்திகையில் சிக்கல் ஆரம்பித்தது. அம்மாவுக்கு முட்டுவலி. தன்வந்தரம் குழம்பு என்கிற ஆயுர்வேத எண்ணெயைத் தேய்த்து ஊறிவிட்டு விடியற்காலையில் வெந்நீரில் குளிப்பது பல வருஷப் பழக்கம். "மக்கா, பச்சத் தண்ணியால்லா வருது" என்றாள். மழைக்காலம், வெயில் போதவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நல்ல வெயிலடித்த நாளிலும் அதே கதை. சாயங்காலம் நாலு மணிக்குக் கை வைக்க முடியாத சூடு, காலை அஞ்சு மணிக்கு வெதுவெதுப்புகூட இல்லை. ராத்திரியில் அந்தச் சூடு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

முதலில் வந்த சர்வீஸ் பையன் மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தான். படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றபடியே, "டியூப் எல்லாம் போச்சு சார், இருபதும் மாத்தணும்" என்றான். ஒரு டியூபைக்கூடத் தொடவில்லை. டியூப் எல்லாம் போயிருந்தால் சாயங்காலம் எப்படிக் கை சுடுகிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

அப்புறம் அத்தான் ஒருவர் சொல்லி, கோட்டாறு பக்கமிருந்து ஒரு வயசான பிளம்பர் அண்ணாச்சி வந்தார். வருவதற்கு முன்பே போனில், "காலையில ஆறரைக்கு வாரேன். வெயில் ஏறினப்புறம் அதைக் கழட்டப்பிடாது" என்று சொல்லிவிட்டார். காரணத்தை வந்தபிறகு விளக்கினார். தண்ணீர் இல்லாத டியூப் வெயிலில் நின்றால் உள்ளே 200 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அந்த நேரத்தில் பச்சைத் தண்ணீர் பாய்ந்தால் கண்ணாடி வெடிக்கும். அதனால் கழற்றுவதும் நிரப்புவதும் காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோதான். பகலில் செய்தே ஆகவேண்டும் என்றால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுச் செய்ய வேண்டும்.

மேலே ஏறியவர் டியூபைப் பார்க்கவில்லை. டேங்கின் மேலிருந்து நிற்கும் காற்றுக்குழாயையும் அதன் கீழே தரையில் படர்ந்திருந்த பாசியையும் பார்த்தார். "இது மழை ஈரமா?" என்றார். எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்றேன். அடுத்த கேள்வி என் மனைவியிடம். "ராத்திரி யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் ஓடுதா, அம்மா?"

ஓடுகிறது! அதற்கு முந்தின வருஷம்தான் மாடிக் குளியலறைக்கு வேகம் போதவில்லை என்று பச்சைத் தண்ணீர் லைனில் ஒரு பிரஷர் பம்ப் வைத்திருந்தோம். நடுராத்திரியில் அது உர்ரென்று ஓடி நிற்கும். ஸ்விட்சில் கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை ஸ்விட்சையே மாற்றினோம்.

அண்ணாச்சி சோலாருக்குப் போகும் பச்சைத் தண்ணீர் வால்வை அடைத்துவிட்டு, கீழே வெந்நீர்க் குழாயைத் திறக்கச் சொன்னார். டேங்கின் மேல்பாகத்தில் இருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் வந்துவிட்டு நின்றுபோக வேண்டும். நிற்கவில்லை. பத்து நிமிஷம் ஆகியும் சளசளவென்று வந்தது, அதுவும் குளிர்ந்த தண்ணீர். கூடவே பம்பும் ஓடியது.

குற்றவாளி மாடிக் குளியலறை மிக்சர், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடுகிற குழாய். அதில் ஒரு ஹேண்ட் ஷவர் இருக்கிறது, பட்டனை அழுத்தினால்தான் தண்ணீர் வரும். என் மகன் குளித்துவிட்டு பட்டனை விட்டுவிடுவான், மிக்சரின் இரண்டு கைப்பிடிகளையும் மூடமாட்டான். வெளியே போக வழியில்லாத பச்சைத் தண்ணீர் பம்பின் வேகத்தில் மிக்சருக்குள்ளேயே வெந்நீர் லைனுக்குத் தாவி, மேலே டேங்குக்கே ஏறியிருக்கிறது. டேங்கில் இருந்த சூடு காற்றுக்குழாய் வழியாக மட்டுப்பாவில் வழிந்திருக்கிறது. ஒரு வருஷமாக ராத்திரி ராத்திரி வெந்நீரை ஊற்றிப் பாசி வளர்த்திருக்கிறோம்.

மாடிக்குப் போகும் வெந்நீர் லைனில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுகிற ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டார். அதோடு பிரச்சினை முடிந்தது. ஆனாலும் வந்த வேலையோடு வேலையாக முழுசும் பார்த்துவிடுங்கள் என்றேன்.

டியூப்களின் அடிமுனையைக் காட்டினார். உள்ளே வெள்ளிமுலாம் போல மினுங்கினால் இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். அது பேரியப் பூச்சு. காற்று நுழைந்துவிட்டால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடும். இருபதில் இரண்டுதான் வெளுத்திருந்தன. இன்னொரு சோதனையும் உண்டு. நல்ல வெயிலில் டியூபின் வெளிப்பக்கம் தொட்டால் சுடக்கூடாது. சுட்டால் சூடு உள்ளே போகாமல் வெளியே கசிகிறது.

டேங்கைக் காலி செய்துவிட்டு, ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு, டியூபை மெதுவாகத் திருகித் திருகி உருவினார். ஒவ்வொன்றிலும் இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும், கவனமில்லாமல் இழுத்தால் காலில்தான் விழும். எங்களுக்கு முக்கடல் அணைத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான், மற்றதெல்லாம் போர் தண்ணீர். டியூபைக் கவிழ்த்தபோது நாலு விரல் உயரத்துக்கு வெள்ளைச் சேறு, பச்சரிசி மாவைக் கரைத்தது மாதிரி, கொழகொழவென்று விழுந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதிலயா நான் குளிச்சேன்" என்று முகத்தைச் சுளித்தாள்.

கடைசியாக டேங்கின் ஓரத்தில் இருந்த பெரிய நட்டைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஒரு மக்னீசியம் கம்பி இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தண்ணீரில் உள்ள உப்பு டேங்க் இரும்பை அரிக்காமல் முதலில் இந்தக் கம்பியை அரிக்கட்டும் என்று வைப்பது. புதுக்கம்பி விரல் கனம். எங்களுடையது ஈர்க்கில் கனத்தில், தொட்டதும் உடைந்தது. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் அரிப்பு டேங்குக்குப் போயிருக்கும் என்றார்.

இரண்டு டியூப், கம்பி, வால்வு, ரப்பர் வளையங்கள், கூலி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குள் முடிந்தது. உங்கள் வீட்டில் எப்படி?

குளச்சல் கடலோரம்:

உங்களுக்கு உள்ளே உப்பு, எங்களுக்கு வெளியே உப்பு. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். டேங்கும் டியூபும் நன்றாகத்தான் இருந்தன, ஸ்டாண்டு போய்விட்டது. துத்தநாகம் பூசிய இரும்பு என்று சொல்லித்தான் வைத்தார்கள். ஆனால் மாட்டும்போது போல்ட்டுக்கு ஓட்டை போட்ட இடத்தில் பூச்சு போய்விடுகிறதே, துரு அங்கேதான் தொடங்கியது. நாலாவது வருஷம் பின்கால் ஒன்று இரண்டு விரல் இறங்கியது. டேங்க் சாய்ந்ததும் டியூபின் கீழ்முனைகள் அவற்றைத் தாங்கும் கிண்ணத்தில் நெருக்கி, ஒரே வாரத்தில் மூன்று டியூப் விரிசல் விட்டன.

இப்போது போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் ஸ்டாண்டைக் கழுவிவிடுகிறேன், அதிகாலையில்தான். வருஷத்துக்கு ஒருமுறை துரு தட்டிய இடத்தைச் சுரண்டி, துத்தநாகப் பெயின்ட். வள்ளத்துக்குச் செய்கிற வேலைதான், மட்டுப்பாவில் செய்கிறோம்.

தக்கலை டீச்சர்:

காற்றுக்குழாய் என்றதும் வயிறு கலங்குகிறது. எங்கள் டேங்கையே குளவி தின்றது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அந்தக் குழாயின் வாய் திறந்தே இருந்தது, வலை எதுவும் இல்லை. குளவி மண்ணைக் கொண்டுவந்து வழித்து வழித்துக் கூடு கட்டி அடைத்துவிட்டது. நாங்கள் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதற்காக சோலாருக்குப் போகும் வால்வை அடைத்தோம். கீழே மாமியார் பாத்திரம் கழுவ வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இறங்குகிறது, அந்த இடத்துக்கு உள்ளே காற்று போக வழியில்லை. மேலே 'டமார்' என்று ஒரு சத்தம். தேங்காய் விழுந்தது என்று நினைத்து ஓடினால், டேங்க் ஒரு பக்கம் உள்வாங்கி, காலால் மிதித்த எண்ணெய் டின் மாதிரி நசுங்கிக் கிடக்கிறது. அதை நிமிர்த்த முடியாது, புது டேங்க்தான்.

இப்போது குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை ஏறிப் பார்ப்பது நான்தான், வீட்டுக்காரரை நம்புவதில்லை. இன்னொன்று: முதலில் அந்தக் குழாய்க்கு சாதாரண பிவிசி போட்டிருந்தார்கள். சூட்டில் இளகி வாழைத்தண்டு மாதிரி வளைந்து நின்றது. வெந்நீர் போகிற, வருகிற இடமெல்லாம் சூடு தாங்குகிற சிபிவிசி குழாய் கேட்டு வாங்குங்கள்.

மார்த்தாண்டம் மக்கா:

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் வீட்டு அயினி மரத்தின் கொப்பு ஒன்று நேராக டியூப் மேல் விழுந்தது. ஏழு டியூப் பொடி. இந்த வகை ஹீட்டரில் ஒரு டியூப் உடைந்தாலே டேங்க் தண்ணீர் முழுசும் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும் என்பது அன்றுதான் கண்ணால் கண்டது.

பக்கத்து வீட்டு அண்ணனுடைய ஹீட்டரில் ஒரு டியூப்தான் உடைந்திருந்தது. கடை எதுவும் திறக்கவில்லை. அவர் தென்னை மட்டையைச் செதுக்கி முளை மாதிரி ஆக்கி, சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி ஓட்டையில் அறைந்து அடைத்துவிட்டார். (இதற்கென்றே ரப்பர் அடைப்பான் விற்கிறது என்று பிறகு தெரிந்தது. இரண்டு வாங்கி வீட்டில் போட்டிருக்கிறேன்.) எங்கள் பகுதியில் ஒரு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. சோலாருக்குக் கரண்ட் வேண்டாம். சூடான தண்ணீர் இலேசாகித் தானே மேலேறும், குளிர்ந்தது கீழே இறங்கும். ஆனால் மோட்டார் ஓடாமல் தொட்டியில் ஏது தண்ணீர்? கிணற்றில் கோரி, குடம் குடமாக மட்டுப்பாவுக்குச் சுமந்தோம். அந்த வாரம் எங்கள் தெருவில் பிறந்து இருபது நாளான குழந்தை ஒன்று இருந்தது. அதைக் குளிப்பாட்ட அந்த அண்ணன் வீட்டு வெந்நீர்தான் போனது.

குலசேகரம்:

ஒரு சந்தேகம். எங்கள் பிளம்பர் உப்பு எடுக்க கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை டேங்கில் ஊற்றலாம் என்கிறார். செய்யலாமா? அப்புறம், ஆனி மாசம் வெயில் அடித்தாலும் சூடு குறைவாகவே இருக்கிறதே?

பார்வதிபுரம்காரன்:

ஊற்றவே ஊற்றாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசி குத்தினாற்போலப் பொடி ஓட்டைகள் விழும். அண்ணாச்சி எங்களுக்குச் செய்தது சிட்ரிக் ஆசிட், அதுதான் எலுமிச்சை உப்பு. கரைத்து ஊற வைத்து, நாலைந்து தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியில் இருக்கும் வால்வைத் திறந்து சேற்றை வெளியேற்றினால் ஆசிட் பக்கமே போக வேண்டாம் என்றார்.

ஆனி பற்றி: நம் கன்னியாகுமரி மாவட்டம் வட அட்சரேகை எட்டாவது பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். டியூப் சாய்ந்திருப்பதோ தெற்கே. போதாததற்கு உங்கள் பக்கம் ரப்பர் மர நிழலும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும். ஹீட்டரைத் திருப்பி வைக்க நினைக்காதீர்கள், மார்கழி தை மாசம்தானே வெந்நீர் அதிகம் வேண்டும், அதற்குத் தெற்குதான் சரி.

ஆரல் காற்று:

ஆரல்வாய்மொழிக்காரன். இங்கே காற்றாலைக் காற்றாடி சுற்றுகிற காற்றில் ஹீட்டரை வெறுமனே மட்டுப்பாவில் நிறுத்தி வைத்தால் அது நம்முடையது இல்லை. நாலு காலுக்கும் கான்கிரீட் கட்டை போட்டு போல்ட் இறுக்க வேண்டும். டேங்கில் தண்ணீர் இருந்தால் கனம் பிடிக்கும். ஆடி மாசம் சர்வீஸுக்காகக் காலி செய்து விட்டுவிட்டுப் போனான் ஒருவன், மறுநாள் காலை ஸ்டாண்டு அரை அடி நகர்ந்திருந்தது. புழுதி வாரத்துக்கு ஒரு படலம் படியும். ஈரத்துணியால் மேல்பக்கம் துடைத்தால் போதும்.

குளச்சல் கடலோரம்:

பார்வதிபுரம் அண்ணாச்சி, உங்கள் வீட்டில் தென்னை உண்டா? டியூப் மேல் தேங்காய் விழுந்தால் என்ன செய்வீர்கள்?

பார்வதிபுரம்காரன்:

இரண்டு நிற்கிறது, ஒன்று நேராக ஹீட்டர் பக்கம் சாய்ந்து. கம்பிவலை போடலாமா என்று கேட்டேன், நிழல் விழும் என்று பிளம்பர் அண்ணாச்சி வேண்டாம் என்றார். இப்போதைக்கு நெற்று விழ விடாமல் முன்கூட்டியே ஆள் கூப்பிட்டு வெட்டிவிடுகிறோம். வெட்டுகிற அன்று நாலு சாக்கை டியூப் மேல் விரித்துக் கட்டுவது என் மகனுடைய வேலை, மிக்சரை மூடாமல் விட்டதற்கு. போன வாரம் சாக்கை அவிழ்க்க மறந்துவிட்டான். மறுநாள் விடியற்காலையில் குளியலறையிலிருந்து அம்மா போட்ட சத்தத்தில்தான் எங்களுக்கெல்லாம் விழிப்பு வந்தது.