சாய்ந்த மரத்தின் வேர் சதுரமாக இருந்தது: பூங்கா, சாலைமரம், குளக்கரை அனுபவங்கள்

காவிரி டெல்டா ஊர்க்காரர்கள் மாறி மாறி எழுதியவை இவை. ஒவ்வொன்றுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் இடம்.

தஞ்சை கீழவாசல்

ஐப்பசி அடைமழையில் பூங்கா வேலியோரப் புங்கன் சாய்ந்தது. பெரிய காற்று எதுவும் இல்லை. ஏழெட்டு வயது மரம், தொடைப் பருமன் தண்டு. ஜேசிபி வைத்துத் தூக்கினால் வேர்க்கட்டி அப்படியே சதுரமாக வெளியே வந்தது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம், அச்சில் அறுத்த செங்கல் மாதிரி. குழியின் நாலு சுவரும் மெழுகியதுபோல் மின்னின. அடியில் முழங்கால் தண்ணீர், அழுகல் நாற்றம். இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நம்ம பக்கம் வண்டல் களி என்பது எல்லோருக்கும் தெரியும். ஈரக் களியில் மண்வெட்டி போட்டாலும் ஜேசிபி வாளி போட்டாலும் சுவர் பூசியதுபோல் அடைந்துவிடும். உள்ளே செம்மண், மணல், எரு என்று பொலபொலப்பாக நிரப்புகிறோம். சுற்றியிருக்கும் தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கும், வெளியே போக வழியில்லை. வேருக்கும் பொலபொலப்பை விட்டுக் களிக்குள் நுழைய மனசு வராது. தரையில் நட்டதாக நினைக்கிறோம், நட்டது தொட்டியில்.

களியில் ஆழக் குழி வேண்டாம். வேர்க்கட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம், அகலம் மட்டும் வேர்க்கட்டியின் அகலத்தைப்போல மூன்று மடங்கு, ஓரம் தாம்பாளம் போல் சரிவாக. வெட்டிய சுவரைக் கடப்பாரை நுனியால் நன்றாகக் கீறிவிட வேண்டும். வெட்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள், எரு மேலே மூடாக்காக, தண்டைத் தொடாமல். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்து தரைக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும். சந்தேகமாக இருந்தால் முந்தின நாள் சாயங்காலம் குழி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். விடிந்தும் நின்றால் அங்கே குழியே கூடாது. ஓரடி உயரம், ஆறடி அகலத்துக்கு மேடு போட்டு அதில் நடுங்கள். மண் புட்டுப் பதத்தில் இருக்கும் ஆவணி, புரட்டாசியில் வெட்டி முடித்துவிட்டால் சுவர் மெழுகுவதே பாதி குறையும்.

குடந்தை மேற்கு

அண்ணே, குழியை மட்டும் குற்றம் சொல்வதை ஏற்க முடியவில்லை. பையைப் பார்க்க வேண்டும்.

தெருவோரம் பட்டுப்போன ஒரு மகிழ மரத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். நட்டு ஆறு வருஷம். வேர் இன்னும் பாலித்தீன் பையின் அளவிலேயே, பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணை மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வேர் தண்டையே சுற்றி இறுக்கியிருந்தது. சுற்றிலும் அருமையான படுகை மண், குழியும் சரியான குழி. வேர் வெளியே வரவே இல்லை.

நாற்றுப்பண்ணையில் ஒரு வருஷத்துக்கு மேல் பையில் நின்ற கன்று இப்படித்தான். ஆறடி உயரம் என்று ஆசைப்பட்டு அதை வாங்குவதைவிட மூன்றடிக் கன்று எவ்வளவோ மேல், சீக்கிரமே எட்டிப் பிடித்துவிடும். பையைக் கிழித்ததும் அடிமண்ணில் ஓர் அங்குலம் அறுத்துத் தள்ளுங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நாலு கீறல், பிளேடு போதும். சுற்றிய வேர் விரல் பருமனுக்கு வந்திருந்தால் அந்தக் கன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நாகை கடற்கரைச் சாலை

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. வெளுத்ததும் ஒரு தெருவில் கண்ட காட்சி: தூங்குமூஞ்சி மரம் நடுவே பிளந்து கிடக்கிறது, இருபது அடி தள்ளி ஒரு புன்னை ஒற்றை இலை இல்லாமல், ஆனால் ஒரு கொம்பும் முறியாமல் நிற்கிறது. தூங்குமூஞ்சி பரந்த தலை, எளிதில் முறியும் கட்டை, உண்மைதான். ஆனால் அது பிளந்த இடம் முன்பு மின்கம்பிக்காக மொட்டையடித்த இடம். அங்கிருந்து குச்சி குச்சியாகக் கிளம்பிய கிளைகள் அத்தனையும் பிய்ந்திருந்தன.

தலையை மொட்டையடித்தால் மரம் பயத்தில் துளிர்க்கும். அந்தத் துளிர் பட்டைக்கு அடியிலிருந்து மட்டும் வருவது, மரத்தின் நடுக்கட்டையோடு அதற்குப் பிடிப்பு கிடையாது. நாலைந்து வருஷத்தில் கை பருமன் ஆகும். கீழே வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி உளுத்திருக்கும். அடுத்த புயலில் அது யார் தலையிலாவது விழும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஆடி ஆவணியில் எல்லா ஊரிலும் இந்த வேலை நடக்கிறது. கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். முதல் வெட்டு தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கி, பருமனில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது அதற்கும் இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து. கிளை தன் பாரத்தில் விழும், பட்டை உரியாது. மூன்றாவது மிச்சக் கட்டையை எடுப்பது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டி போல் ஒரு வீக்கம் இருக்கும், அதைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் காயம் மூடாது. ஒரு சாண் கட்டையை விட்டாலும் மூடாது, அதுவே உளுத்து உள்ளே போகும். மேலே தார், பெயின்ட், சாணி எதுவும் பூச வேண்டாம். பூச்சு ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். ஒரு வருஷத்தில் தலையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உள்கிளைகளை அங்கங்கே கழித்தால் காற்று ஊடே போய்விடும், மரம் கப்பல் பாய் மாதிரி காற்றைப் பிடித்து நிற்காது.

கடலோரம் புதிதாக வைப்பதென்றால் புன்னை, பூவரசு, புங்கன். உப்புத் தண்ணீருக்கும் உப்புக் காற்றுக்கும் மூன்றும் தாங்கும். சீக்கிரம் பச்சையாகத் தெரிகிறது என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வைக்காதீர்கள், அதைத் தமிழ்நாடு அரசே தடை செய்திருக்கிறது.

மன்னை தேரடி

நீங்கள் எல்லோரும் மரத்தைப் பார்க்கிறீர்கள். மரத்துக்குக் கீழே யார் உட்காருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

சித்திரை வெயில், மத்தியானம் இரண்டு மணி. ஒரு சின்னப் பூங்காவின் கேட்டில் பூட்டு. உள்ளே வேப்பமரத்தடியில் பத்து சிமென்ட் பெஞ்சு, ஒரு ஈ காக்கை இல்லை. வெளியே, சுவரைத் தாண்டி நீண்ட அதே வேம்பின் ஒரு கிளை நிழலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மா, சாக்கடைச் சிலாப் மேல், கூடையை மடியில் இடுக்கிக்கொண்டு. இரண்டு முழம் நிழல்.

காலை 5 முதல் 8, மாலை 4 முதல் 8 என்றே பல இடத்தில் பலகை வைக்கிறார்கள். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு அது சரி. வெயிலில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்குப் பூங்கா தேவைப்படுவது 11 முதல் 4 வரை.

பெஞ்சு போடும் இடத்திலும் தப்பு நடக்கிறது. நமக்குச் சித்திரை பிறக்கும்போது நடுப்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலையில், நிழல் மரத்தின் நேர் அடியில். மூன்று மணிக்கு நிழல் கிழக்கே நகர்ந்துவிடும். ஆக மரம் பெஞ்சுக்கு மேற்கே இருக்க வேண்டும். சாய்வில்லாத சிமென்ட் பலகையில் வயதானவர்கள் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. சாய்வு, கைப்பிடி, பதினெட்டு அங்குல உயரம் இருந்தால் எழுந்திருக்கவும் வரும்.

ஆஸ்பத்திரி வளாகங்களில் மரம் வெட்டிக் கட்டடம் எழுப்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடும் வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

ஆரூர் வடகரை

பூங்கா, பூங்கா என்றே பேசுகிறீர்கள். டெல்டா ஊர்களில் பூட்டே இல்லாத பசுமை குளக்கரைதான். ‘கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி’ என்பது திருவாரூர்க் கோயிலின் கமலாலயக் குளத்தை வைத்துச் சொல்வது. ஐந்து வேலி என்றால் 33 ஏக்கர். மத்தியான வெயிலிலும் அந்தப் படித்துறைக் காற்றை யாரும் பூட்டி வைக்க முடியாது.

மனசைப் பிசைவது வேறொரு சின்னக் குளம். அழகுபடுத்துகிறோம் என்று அடியிலும் சுவரிலும் சிமென்ட் பூசி, கரை முழுக்கப் பேவர் பிளாக் பதித்தார்கள். கரை அரசமரத்தின் அடித்தண்டை ஒட்டியே கல். இரண்டாம் கோடையில் நுனிக்கிளைகள் காய்ந்தன. கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் கீழே மண் ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது. கல் பதிக்குமுன் அதிர்வு எந்திரம் போட்டு இறுக்குவார்கள், அந்த இறுக்கத்தில் வேருக்கு மூச்சு ஏது. அடியில் சிமென்ட் பூசியதால் ஊற்றும் போச்சு, அக்கம்பக்கத்துக் கிணறும் இறங்கியது. வண்டலை எடுங்கள், வரத்து வாய்க்காலைத் திறங்கள், அடியை விட்டுவிடுங்கள். தஞ்சையில் சேவப்பநாயக்கன் ஏரித் தண்ணீர் சிவகங்கைக் குளத்துக்குப் பூமிக்கடியில் வந்தது நினைவிருக்கட்டும். வழி இருந்தால்தான் குளம்.

புதுமனை வல்லம் ரோடு

மனைப்பிரிவு வரைபடத்தில் பச்சைக் கட்டம், மேலே ‘பூங்கா’ என்ற எழுத்து. நேரில் போனால் தகரக் கொட்டகை, உள்ளே இரண்டு கார். அந்தக் கட்டத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்த எவருக்கும் வயிறு எரியும்.

ஒரு ஹெக்டேருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். செய்ய வேண்டியது: அங்கீகார எண்ணை வைத்து நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வரைபட நகல் வாங்குங்கள். அந்தச் சர்வே எண்ணுக்குப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டால் தானப்பத்திரம் தெரியும். தெரியாவிட்டால் அங்கேதான் ஓட்டை. பத்திரம் இருந்தும் பட்டா உள்ளாட்சி பேருக்கு மாறியதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதில்தான் கோட்டை விடுகிறார்கள். நகல்களோடு ஆணையருக்கு மனு, பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி. வேலி போடும்வரை காத்திராமல் ஓரத்தில் நாலு மரம் வையுங்கள். மரம் நிற்கும் இடத்தில் கொட்டகை போடக் கை கூசும்.

தஞ்சை கீழவாசல்

குடந்தைத் தம்பி சொன்ன பை விஷயம் சரிதான். அந்தப் புங்கனை நெருங்கிப் பார்த்ததில் நடுவில் வேர்ச்சுருளும் இருந்தது, சதுரம் கண்ணை மறைத்துவிட்டது.

வல்லம் ரோட்டில் நாலு மரம் வைக்கிறவர்களுக்கு: அங்கே செம்மண், சரளை. மேடு வேண்டாம், பாத்தி வேண்டும். முதல் கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டு குடம், இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை ஐந்து குடம், தண்டிலிருந்து இரண்டடி தள்ளி. பேவர் கல் வந்தே தீரும் என்றால் தண்டைச் சுற்றி நாலடிச் சதுரம் மண்ணாக விடச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். கன்றைச் சுற்றி வைக்கும் இரும்புக் கூண்டை மூன்றாம் வருஷம் கழற்றுங்கள். தேதியைக் கூண்டிலேயே பெயின்ட்டில் எழுதிவிட்டால் அடுத்து வரும் ஆளுக்கும் தெரியும்.