சாண்ட்மென்ஷென்: கண்ணில் மணல் தூவும் அந்தப் பொம்மை

வடதிசை:
குழந்தைகள் உறங்கப் போகுமுன் கிழக்கு ஜெர்மன் தொலைக்காட்சி மாலைதோறும் காட்டிய பொம்மை நிகழ்ச்சி சாண்ட்மென்ஷென். பலரும் இங்கே அந்தப் பொம்மை ஏறிவரும் இராக்கெட்டையும் பலூனையும் பற்றியே எழுதுகிறீர்கள். என்னை இன்றுவரை விடாதது, உறக்கம் வரவழைக்க அது மணல் தூவும் கணம்தான். 1980களில் மேற்கு பெர்லினில் நாங்கள் தங்கியிருந்த அகதிகள் விடுதியில், பெர்லின் மதிலுக்கு அப்பாலிருந்து வரும் கிழக்கு ஜெர்மன் ஒளிபரப்பும் தெளிவாகத் தெரியும். கதை முடிந்ததும் அந்த வெண்தாடிப் பொம்மை பைக்குள் கைவிட்டு, எங்களை நேராகப் பார்த்து மணலை வீசியது. திரையிலிருந்த குழந்தைப் பொம்மைகள் கண்களைக் கசக்கின. என் தம்பியும் கசக்கினான். ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் அறியாத அவன், கண்ணை மூடினால் தாடிக்காரன் கனவுக்குள் வந்துவிடுவான் என்று விடியும்வரை அழுதான்.

தறி:
வடதிசை அவர்களே, அச்சமூட்டும் பொம்மை என்ற தொனியை என்னால் ஏற்க இயலவில்லை. மேற்கு ஜெர்மனியில் இதே போன்ற நிகழ்ச்சி தயாராவதை அறிந்து, அதற்குச் சில நாட்கள் முந்தி, 1959 நவம்பர் 22 அன்று கிழக்கு ஜெர்மனி அவசரமாக வெளியிட்ட நிகழ்ச்சி இது. தொடக்க நாட்களில், கெர்ஹார்ட் பேரென்ட் உருவாக்கிய அந்தப் பொம்மை முடிவில் தெருமுனையிலேயே உறங்கிவிட, பார்த்த குழந்தைகள் தங்கள் கட்டிலைத் தருவதாகக் கடிதம் எழுதினார்கள். ஓர் அருங்காட்சியகத்தில் அந்தப் பொம்மையை நேரில் கண்டேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் போன்ற அதன் சிறிய காலணிகளை விட்டு என் கண் அகலவில்லை. இதற்கா அஞ்சுவது?

நீர்க்குடம்:
என் மகளும் மணல் வீசும்போது நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தாள். ஆகவே பெற்றோருக்குச் சில சொற்கள். "தூங்காவிட்டால் அவன் வருவான்" என்று ஒருபோதும் மிரட்டாதீர்கள். கனவு தருபவனைத் தண்டனை தருபவனாக மாற்றுவது நாம்தான். பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் சிறிது நகர்த்தி ஒரு படம் என எடுத்து இணைப்பதால்தான் அது நடப்பதாகத் தெரிகிறது என்பதைக் குழந்தையின் பொம்மையையே வைத்துக் காட்டுங்கள். அதன்பின் குழந்தையே தன் பொம்மைக்கு வெறுங்கையால் மணல் தூவுவதுபோல் நடித்து உறங்க வைக்கட்டும். நிகழ்ச்சி முடிந்தவுடன் திரையை அணைத்துவிட்டு, அன்றைய கதையை உங்கள் குரலில் ஒரு முறை சொல்லுங்கள். அடுத்த நிகழ்ச்சியை ஓடவிட்டுவிட்டு உறக்கம் வரவில்லை என்று பொம்மையைக் குறை கூறுவது முறையன்று.

கல்தூண்:
அறிவுரையை யாரும் கேட்கவில்லையே, நீர்க்குடம். என் அனுபவம் வேறு. கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்த சக ஊழியர் ஒருவரிடம், அது வெறும் அரசுப் பிரச்சாரம்தானே என்று பேச்சுவாக்கில் சொன்னேன். 1978இல் கிழக்கு ஜெர்மன் விண்வெளி வீரர் சிக்முண்ட் யேன் அந்தப் பொம்மையை விண்வெளிக்கு எடுத்துச் சென்றதையும், அங்கே சோவியத் பொம்மை மாஷாவுடன் அதற்குத் திருமணம் நடந்ததையும் அதுவரை சிரித்தபடி விவரித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தினார். "இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது எங்கள் நாட்டில் எல்லாவற்றையும் மூடினார்கள். இதை மட்டும் மூட நாங்கள் விடவில்லை" என்றார். மேற்கு ஜெர்மனியின் பொம்மை நிகழ்ச்சி 1989இல் நின்றுபோனது. கிழக்கின் பொம்மை இன்றும் மாலைதோறும் வருகிறது. அவரிடம் அந்தப் பேச்சை மீண்டும் எடுக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.