முள்ளோடை ஏன் இருக்கிறது? (பெருமூச்சு விடுபவர்கள் தவிர்க்கவும்)

மஞ்சக்குப்பத்தான்

கடலூர்–பாண்டி பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவர்களுக்கு மட்டும் வரும் சந்தேகம் இது. ஆல்பேட்டை போச்சு, பெண்ணையாற்றுப் பாலம் போச்சு, கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி எல்லையில் முள்ளோடை, ரோட்டின் இரண்டு பக்கமும் கலர் கலராக ஒயின்ஷாப் போர்டு. பொதுவாக ஒரு ஊர் என்றால் ஏரி இருக்கும், கோயில் இருக்கும், அதை ஒட்டி வீடுகள் வந்திருக்கும். முள்ளோடைக்கு மட்டும் தமிழ்நாடு பக்கத்தில் இருப்பதே போதுமான காரணமாகத் தெரிகிறது.

என் கேள்விகள்: முள்ளோடை தன்னளவில் இருக்கிறதா, இல்லை தமிழ்நாடு இருப்பதால் இருக்கிறதா? நாளைக்கே எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே விலை என்று ஆகிவிட்டால் ஊர் மறைந்துவிடுமா? இந்த எல்லைக்கோட்டை யார், எதைக்கொண்டு போட்டார்கள்? "பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது சார்" என்று யாரும் எழுத வேண்டாம். அது பதில் இல்லை, பெருமூச்சு. ஆண்டும் ஒப்பந்தமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தாந்தி607

முதல் கேள்விக்கான சரக்கு நம்ம ஜில்லாவிலேயே இருக்கிறது. (அந்தச் சரக்கு இல்லை.) சைவ சித்தாந்த ஆசிரியர்கள் நால்வரின் ஊர்களைப் பாருங்கள்: மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூர், அருணந்தியாரின் திருத்துறையூர், மறைஞான சம்பந்தரின் பெண்ணாடம், உமாபதியாரின் சிதம்பரம் எல்லாமே பழைய தென்னாற்காடு. ஒரு பொருள் உண்டா இல்லையா என்று நிறுவுவதற்கு அவர்கள் வைத்த அளவைகள் காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க சொல்). முள்ளோடையை இந்த மூன்றிலும் போட்டுப் பார்ப்போம்.

காட்சி: போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெப்பித் தொப்பி இருந்தால் புதுச்சேரி. ஆனால் காட்சியில் மயக்கம் வரும். வண்டி நம்பரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாலை வரிக்காகவே பி.ஒய்-01 வாங்கி வைத்துக்கொண்டு கடலூரில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். பின்கோடு அதைவிட மோசம். புதுச்சேரியின் பாகூருக்கு 607402, அதாவது கடலூர் வரிசை. தமிழ்நாட்டின் கோட்டக்குப்பத்துக்கு 605104, அதாவது புதுச்சேரி வரிசை. தபால்துறை எல்லையை மாயை என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டது.

கருதல்: இதுதான் கைகொடுக்கும். எல்லைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையிலோ மருந்துக்கடையிலோ நின்று ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். வாசல் போர்டிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல இலக்கத்தைக் கண்டு மாநிலத்தை அறியலாம். ஒயின்ஷாப்பிலும் பெட்ரோல் பங்கிலும் இந்தச் சோதனை செல்லாது. மதுவும் பெட்ரோலும் ஜிஎஸ்டிக்கு வெளியே.

உரை: பெயர்ப்பலகை. "கொம்யூன் பஞ்சாயத்து" என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம். "ஊராட்சி ஒன்றியம்" என்றால் இந்தப் பக்கம். அங்கே மின்சாரம் அரசின் மின்துறை, இங்கே வாரியம்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கும் இதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. பற்பசைக்கும் பெயிண்டுக்கும் 2017-இலிருந்து இரண்டு பக்கமும் ஒரே வரி. விலை வித்தியாசம் தங்கியிருப்பது மாநிலமே தனக்கென்று வரி போட்டுக்கொள்ளும் இரண்டு திரவங்களில்தான். அவற்றையும் ஜிஎஸ்டிக்குள் இழுத்துவிட்டால் முள்ளோடைக்கு மிஞ்சுவது வயலும் பஸ் ஸ்டாப்பும்.

நடைமுறையாக ஒன்று. வாங்கித் திரும்பும்போது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் எல்லையில் உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பிடிபட்டால் பாட்டிலோடு போகாது, வண்டியும் பறிமுதலாகி ஏலத்துக்குப் போகலாம். முள்ளோடையில் உள்பொருளாக இருப்பது ஆல்பேட்டையில் இல்பொருளாக இருந்தே ஆகவேண்டும்.

பழையரிக்கார்டு

மூன்றாம் கேள்வி என்னுடையது.

பாண்டி நகரம் 1674-இல் பிரான்சுவா மார்ட்டின் காலத்தில் தொடங்கியது. முள்ளோடையை உள்ளடக்கிய பாகூர் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இல்லை. வில்லியனூரும் பாகூரும் வந்தது பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்தில், ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப் போட்டியிட்டபோது. அவருக்குப் படை உதவி, இவர்களுக்குக் கிராம வருமானம். அதாவது கொடுக்கப்பட்டது வரைபடம் இல்லை, வரி வசூலிக்கும் உரிமை. ஒரு கிராமம் என்றால் அதன் நத்தம், ஏரி, ஆயக்கட்டு, புறம்போக்கு எல்லாம் சேர்த்து. நடுவில் இருக்கும் கிராமம் கொடுக்கப்படவில்லை என்றால் அது அப்படியே நவாபிடம் நிற்கும், பிறகு நவாபிடமிருந்து ஆங்கிலக் கம்பெனிக்குப் போகும். இன்றைக்கு வரைபடத்தில் புதுச்சேரி துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். யாரும் குடித்துவிட்டுக் கோடு போடவில்லை. (குடித்தது பிற்காலத்தில்.)

1761-இல் ஆங்கிலேயர்கள் பாண்டியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் ஒப்பந்தம் 1749 தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததைத் திருப்பித் தரச் சொன்னது. அந்தத் தேதியை வைத்தால் பாகூர் கைவிட்டுப் போக வேண்டியதுதான். அதைத் தூக்கி நிறுத்தியது 1783 செப்டம்பர் 3 வெர்சாய் ஒப்பந்தம். பாண்டிச்சேரியைச் சுற்றி ஒரு சார்பு நிலம் வேண்டும் என்று வில்லியனூர், பாகூர் இரண்டு மாவட்டங்களையும் பெயர் சொல்லியே எழுதினார்கள். உங்கள் பஸ் ஜன்னலில் தெரியும் போர்டுகளுக்கு மூலப்பத்திரம் அதுதான். அதற்குப் பிறகும் 1793-இல் மறுபடி பிடித்தார்கள். 1814-இல் "1792 ஜனவரி 1 அன்று இருந்தபடி" என்று எழுதி, 1816-இல் ஒப்படைத்தார்கள்.

இதில் கடலூருக்கும் பங்கு உண்டு. 1783 ஜூன் 13 அன்று கடலூரில் தரைப்போர், ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனின் கப்பல்களோடு போர். பூர்வாங்க சமாதானம் வெர்சாயில் ஜனவரி 20-ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஆக, முடிந்துபோன ஒரு போரில் கடலூரில் ஆட்கள் செத்தார்கள். தத்துவத்துக்கு இதைவிட நல்ல கேஸ் முள்ளோடையில் கிடைக்காது.

மஞ்சக்குப்பத்தான்

சரி, பாகூர் பேனாவால் வந்தது. கடலூர் பக்கம்? பீரங்கி சுட்டு எல்லை போட்டதாகச் சொல்கிறார்களே, குண்டு சாலை, குண்டு உப்பலவாடி எல்லாம் அதனால்தான் என்று. அந்தக் குண்டா முள்ளோடை வரை வந்தது?

கோட்டைமேடு

வரவில்லை, வரவும் முடியாது. கதை உண்மைதான், தூரம்தான் மிகை.

1690-இல் கடலூரின் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டிய ராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. சென்னையில் அப்போது கவர்னர் எலைஹு யேல். கோட்டையோடு, ஒரு பெரிய பீரங்கி எட்டும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. செப்டம்பரில் நாலாபக்கமும் சுட்டு எல்லை வைத்தார்கள். அதற்குள் விழுந்தவை குண்டு கிராமங்கள்.

இப்போது கணக்கு. அந்தக் காலத்து நீளக் குழாய் பீரங்கி என்னதான் தூக்கிச் சுட்டாலும் மூன்று நான்கு கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். பெண்ணையாற்று முகத்துவாரத்துப் பக்கம் எட்டும், முள்ளோடைக்கு எட்டாது. ஆரம் 3 கிலோமீட்டர் என்று வைத்தால் முழு வட்டம் 28 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் கோட்டை இருப்பது கடற்கரையில். பாதி வட்டம் வங்காள விரிகுடா! நிலமாகக் கிடைப்பது 14 சொச்சம்.

ஆரம் பத்து சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். 3.3 கிலோமீட்டர் போனால் 17 சதுர கிலோமீட்டர். அதாவது பீரங்கிக்காரர் கைப்பக்குவத்தில் மூன்று சதுர கிலோமீட்டர் நிலம் தொங்குகிறது. இது கம்பெனிக்கும் நன்றாகத் தெரியும். சென்னையிலிருந்து அனுப்பிய கடிதமே நல்ல பீரங்கியும் நல்ல ஆளும் பார்த்துச் சுடச் சொல்கிறது.

எங்கெல்லாம் தூரம் கூடும், குறையும்? முதலில் சாய்வு. பாடப்புத்தகம் 45 டிகிரி என்னும். காற்றுத் தடையைச் சேர்த்தால் அதற்குக் கீழே வைத்தால்தான் அதிகத் தூரம். ஆனால் பீரங்கி வண்டியில் குழாய் அவ்வளவு நிமிராது, அதனால் வண்டியின் வால்பக்கத்தைக் குழி தோண்டி இறக்க வேண்டும். மணலில் குழி தோண்டினால் ஒரு வெடிக்கே வண்டி புதைந்து அடுத்த சாய்வு மாறிவிடும். பலகை போட்டே ஆகவேண்டும். அடுத்தது குண்டுக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளி. அந்தக் காலத்தில் கால் அங்குலம் விடுவது வழக்கம். அந்த இடுக்கில் வாயு தப்பிப் போகும். குழாய்க்குப் பொருந்தக் குண்டு பொறுக்கி, பின்னால் அடைப்புக் கெட்டியாகத் திணித்தால் தூரம் கூடும். வெடிமருந்து, குண்டின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது.

எல்லாவற்றையும் கெடுப்பது ஈரம்தான். வெடியுப்பில் சாதா உப்புக் கலப்பு இருந்தால் கடற்காற்றில் தண்ணீர் கோக்கும். செப்டம்பர் மாதம் நம்ம ஊரில் சாயங்காலம் இடிமழை. காலையில் சுட்ட திசையில் ஊர் அதிகமாகவும், மழைக்குப் பிறகு சுட்ட திசையில் குறைவாகவும் சேர்ந்திருக்க வேண்டும்.

தீராத சிக்கல் ஒன்று பாக்கி. எல்லை என்பது குண்டு முதலில் தரையைத் தொட்ட இடமா, உருண்டு நின்ற இடமா? காய்ந்த தரையில் குண்டு தாவித் தாவிப் போகும், நாற்றங்காலில் விழுந்தால் அங்கேயே புதைந்துவிடும். ஒரு கிராமம் கம்பெனிக்குப் போகுமா போகாதா என்பதை அன்றைக்கு யார் நிலத்தில் தண்ணீர் பாய்ந்திருந்தது என்பதுதான் தீர்மானித்திருக்கும்.

ஆயக்கட்டு

மேலே எல்லாரும் வெளிநாட்டு ஒப்பந்தத்திலேயே நிற்கிறீர்கள். பாகூர் இருப்பதற்குக் காரணம் பாகூர் ஏரி. அந்த ஏரிக்குத் தண்ணீர் வருவது பங்காரு வாய்க்கால் வழியாக, பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து. அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். வாய்க்கால் தலைப்பில் மண் மேடிட்டால் அங்கே தூர் வார வேண்டும், இங்கே வயல் காயும். எல்லை எங்கே என்று மீட்டர் சுத்தமாகத் தெரிய வேண்டியது தண்ணீர் குறையும்போதுதான். வெர்சாயில் கையெழுத்துப் போட்டவர்கள் மதகு எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. பல்லவர் காலத்திலேயே செப்பேடு கண்ட ஊர் அது.

நிலம் வாங்குகிறவர்கள் கவனிக்க: வரப்பின் தமிழ்நாட்டுப் பக்கம் சென்ட், புதுச்சேரிப் பக்கம் குழி. ஒரு குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆகவே ஒரு காணி சுமார் 132 சென்ட். புரோக்கர் குழி விலையைச் சென்ட் விலை மாதிரிச் சொன்னால் கையெழுத்துக்கு முன்னால் கால்குலேட்டரை எடுங்கள். அரசு வைக்கும் நில மதிப்புக்குப் பெயர் அங்கே ஜிஎல்ஆர், இங்கே வழிகாட்டி மதிப்பு. நிலம் இரண்டு பக்கமும் விழுந்தால் வில்லங்கம் இரண்டு சார்பதிவகத்திலும் போட்டுப் பார்த்து, பத்திரத்தையும் இரண்டாகப் பிரிப்பதே நல்லது. ஒரு பக்க வில்லங்கச் சான்றில் மறுபக்க அடமானம் தெரியாது. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இதில்தான்.

கோட்டக்குப்பம் வழி

தெற்கைப் பற்றியே பேசுகிறீர்கள். வடக்கே வந்து பாருங்கள். முத்தியால்பேட்டையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிற மாணவர் புதுச்சேரியில் ஏறி, கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொம்மையார்பாளையம் தாண்டி, பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரிக்குள் வந்து காலாப்பட்டில் இறங்குகிறார். கனகசெட்டிகுளத்துக்கு அப்பால் மறுபடியும் தமிழ்நாடு. தினமும் ஒரு வழிக்கே இரண்டு தடவை மாநிலம் மாறியும் அவருக்கு ஞானம் வந்ததாகத் தகவல் இல்லை.

மஞ்சக்குப்பத்தான்

கடைசியாக ஒன்று. பிரெஞ்சு ஆட்சி முடிந்தது எந்த நாள்? 1954 என்கிறார்கள், 1962 என்கிறார்கள்.

சித்தாந்தி607

இரண்டும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க வேண்டுமே. அது நடந்து சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. நடுவில் ஏறக்குறைய எட்டு ஆண்டு முள்ளோடை நடப்பில் இந்தியாவாகவும் ஏட்டில் பிரான்சாகவும் இருந்தது. புதுச்சேரி அரசு இந்த விவாதத்தில் தலையிடாமல் இரண்டு நாளுக்கும் லீவு விட்டுவிட்டது. ஆகஸ்ட் 16-ஐ நம்பி 15-ஆம் தேதியே கிளம்பிவிடாதீர்கள், அன்றைக்குக் கடை கிடையாது.