ஆனை நெருஞ்சி மதுரை மாடியில வருமா?

மாடித்தோட்டம், ஒத்தக்கடை:
போன மாசம் ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லைக்குப் பின்னாடி ஒரே கடல்மணல். அதுல முழங்காலுக்கும் எட்டாத ஒரு செடி. சதைப்பத்தான இலை, ஓரமெல்லாம் பல்லுப்பல்லா, இலைக் கக்கத்துல ஒத்தை ஒத்தையா மஞ்சப்பூ. சித்தி ஒரு கொப்பை ஒடிச்சு சொம்புத் தண்ணியில விட்டு நாலு சுத்து சுத்துச்சு. அம்புட்டுத்தான், தண்ணி முட்டை வெள்ளைக்கரு கணக்கா கொழகொழன்னு ஆயிருச்சு! நிறம்கூட மாறலை. பழைய பட்டுச்சேலையை அதுல ஊறவச்சு அலசி அழுக்கை எடுத்துக் காமிச்சுச்சு. பேரு ஆனை நெருஞ்சியாம்.

ரெண்டு செடியைப் பிடுங்கி மஞ்சப்பையில போட்டு மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். மாட்டுத்தாவணி வர்றதுக்குள்ள தலை தொங்கிருச்சு. செம்மண்ணும் சாணியும் போட்டு வச்சு, காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்துனேன். நாலாம் நாள் அழுகிப்போச்சு. உப்பு மண்ணு இல்லாம வராதா? நம்ம கண்மாய்க்கரை நெருஞ்சியையும் தண்ணியில விட்டுச் சுத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகலை.

கண்மாய்க்காரன்:
ஆகாது. ரெண்டும் பேருக்குத்தான் சொந்தம். கண்மாய்க்கரையில கால்ல குத்துறது தரையோட படரும், புளிய இலை மாதிரி ஜோடி ஜோடியா இலை, காய் அஞ்சு துண்டாப் பிரியும். ஆனை நெருஞ்சி எள்ளுக் குடும்பம். காய் நாலு பட்டை, பட்டைக்கு ஒரு முள்ளு.

மருந்துப்பெட்டி:
தாத்தா காலத்துல இருந்து நாட்டு மருந்துக் கடை எங்களுக்கு. வெறும் நெருஞ்சின்னு கேட்டா சின்னதைத்தான் கட்டிக் குடுப்போம், ஆனை நெருஞ்சின்னு வாய்விட்டுக் கேக்கணும்.

செத்ததுக்கு வருத்தப்படாதீங்க. அது ஒரு வருசத்துச் செடி, காய்ச்சு முடிஞ்சா தானாக் காஞ்சிரும். உப்பெல்லாம் வேணாம், திருமங்கலம் பக்கம் தரிசுலயே நான் பாத்திருக்கேன். ரெண்டு வேளை தண்ணிதான் கொன்னுருக்கு. மணல் பாதிக்கு மேல கலந்து, முத்துன காயைப் புதைச்சு, மண்ணு காஞ்ச பிறகு ஊத்துங்க.

இன்னொண்ணு, அந்தக் கொழகொழப்பு சில மணி நேரத்துல நீர்த்துப் போகும். ராத்திரி கலக்கி வச்சுட்டுக் காலையில தேடாதீங்க. நீர்க்கடுப்புக்கு மோர்ல கலந்து குடிக்கிற பழக்கம் உண்டு. சிறுநீர்க்கல்லுன்னா முதல்ல டாக்டர்கிட்ட போங்க.

மாடித்தோட்டம், ஒத்தக்கடை:
காய்க்கு எங்கிட்டுப் போறதுன்னு யோசிச்சு, அந்த மஞ்சப்பையைத் தலைகீழா உதறுனேன் அண்ணே. நாலு காய் விழுந்துச்சு. அஞ்சாவது பை மூலையிலயே மாட்டி, எடுக்கப்போன கட்டைவிரல்ல ஏறிருச்சு.