என்எஃப்எஸ் போல்டர் மவுண்ட் ஆகிறது, ஆனால் ஒரு பைலும் சேவ் ஆகவில்லை – உதவி தேவை

கொட்டாஞ்சேனை அச்சகம்:
வணக்கம். கொட்டாஞ்சேனையில் சின்ன அச்சகம் ஒன்று வைத்திருக்கிறோம். கல்யாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவரின் நினைவாக 31ஆம் நாள் கொடுக்கும் சிறு புத்தகம்) எல்லாம் செய்கிறோம். இவ்வளவு நாளும் பென் டிரைவில்தான் பைல்கள் ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்குப் போகும். போன மாதம் ஒரு கல்வெட்டில் பழைய கொப்பி அச்சுக்குப் போய், பேரப்பிள்ளை ஒன்றின் பெயர் விடுபட்டுவிட்டது. 31ஆம் நாள் வீட்டில் போய் நின்று அதைச் சொன்ன கஷ்டம் இன்னும் மனதில் கிடக்கிறது. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே போல்டர் இருக்கட்டும் என்று, நெட்வேர்க் வழியாகப் போல்டரைப் பகிர்கிற என்எஃப்எஸ் போட முடிவு செய்தேன்.

மேசைக்குக் கீழே மொனிட்டர் இல்லாமல் ஓடும் பழைய டெஸ்க்டொப்தான் சேர்வர், உபுண்டு 22.04, முகவரி 192.168.1.10. மற்ற இரண்டு மெசினிலும் உபுண்டு, டிசைன் செய்கிற தங்கச்சியிடம் மெக் மினி. எந்தப் போல்டரை யாருக்குக் கொடுப்பது என்று சேர்வரில் எழுதுகிற எக்ஸ்போர்ட்ஸ் பைலில் நான் போட்ட வரி இது (ஃபோனில் தமிழ் கீபோர்ட்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்):

/எஸ்ஆர்வி/வேலை 192.168.1.0/24 (ஆர்டபிள்யூ,சிங்க்)

உபுண்டு இரண்டிலும் மவுண்ட் ஆகிறது (சேர்வரின் போல்டர் அந்த மெசினில் இணைகிறது), உள்ளே இருக்கிற பைல்கள் தெரிகின்றன, திறக்கவும் முடிகிறது. சேவ் பண்ணப் போனால் ‘ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்கிறது. ஆனால் மவுண்ட் என்று அடித்துப் பார்த்தால் ஆர்டபிள்யூ, அதாவது வாசிக்கவும் எழுதவும் முடியும் என்றுதான் காட்டுகிறது! மெக்கில் மவுண்டே ஆகவில்லை, ‘ஒப்பரேஷன் நொட் பெர்மிட்டட்’. இரண்டு இரவாக இதோடு நிற்கிறேன். யாராவது சொல்லுங்கோ.

வத்தளை நண்பர்:
போல்டரின் பேர்மிஷனாக இருக்கலாம். சேர்வரில் சீஎச்மொட் 777 (எல்லோருக்கும் எழுத அனுமதி) கொடுத்துப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை அச்சகம்:
கொடுத்தேன் அண்ணா. அதே எரர்.

வெள்ளவத்தை நிர்வாகி:
தம்பி, முதலில் அந்த 777ஐ எடுத்துவிடுங்கள். பேர்மிஷன் பிழை என்றால் ‘பேர்மிஷன் டினைட்’ என்று வந்திருக்கும். உங்களுக்கு வருவது ரீட் ஒன்லி, அதாவது அந்தப் போல்டரை எழுதவிடாமல் கொடுத்திருப்பது சேர்வரேதான். கிளையன்ட் பக்கம், அதாவது போல்டரை மவுண்ட் பண்ணும் மெசினில், ஆர்டபிள்யூ என்று காட்டுவதை நம்ப வேண்டாம், அது கிளையன்ட் என்ன கேட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

நீங்கள் போட்ட வரியைத் திரும்பப் பாருங்கள். 24க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த ஒரு இடைவெளிதான் உபுண்டுவில் சேவ் ஆகாததற்குக் காரணம். இடைவெளி விட்டால் சேர்வர் அதை இரண்டு தனி ஆட்களாக வாசிக்கும்: 192.168.1.0/24இல், அதாவது உங்கள் நெட்வேர்க்கில், இருப்பவர்களுக்கு ஒப்ஷன் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே டிபோல்ட், டிபோல்ட் என்றால் ரீட் ஒன்லி. பிறகு தனியாக நிற்கும் அடைப்புக்குறி, பெயர் சொல்லாத உலகத்துக்கு எல்லாம் எழுத அனுமதி. உங்கள் சொந்த மெசின்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு மற்ற எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறீர்கள். எக்ஸ்போர்ட்ஸ் பைலை சேர்வர் எடுத்துக்கொள்ள வைக்கும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை ஓடவிட்டபோது ‘நோ ஒப்ஷன்ஸ்’, ‘நோ ஹோஸ்ட் நேம்’ என்று இரண்டு எச்சரிக்கை வந்திருக்குமே, அது இதைத்தான் சொன்னது. இடைவெளியை எடுத்து, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை ‘ஆர்ஏ’ சேர்த்து ஓடவிடுங்கள், அப்புறம் ‘வி’ சேர்த்து ஓடவிட்டால் யாருக்கு என்ன கொடுத்திருக்கிறது என்று முழுதாகக் காட்டும். நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பார்ப்பது அந்த ‘வி’யைத்தான்.

மெக் விஷயம் வேறு. மெக் 1024க்கு மேலுள்ள போர்ட்டிலிருந்து பேசும், லினக்ஸ் சேர்வர் டிபோல்ட்டாக அதை ஏற்காது. மெக்கில் மவுண்ட் பண்ணும்போது ‘ரெஸ்வ்போர்ட்’ என்ற ஒப்ஷனைக் கொடுங்கள். சேர்வரில் ‘இன்செக்யூர்’ போட்டாலும் வேலை செய்யும், ஆனால் முந்தியதே எனக்கு விருப்பம். மெக்கின் கெட்டலினா பதிப்பு வந்த 2019இலிருந்து ரூட்டில், அதாவது டிஸ்க்கின் உச்சிப் போல்டரில், புதுப் போல்டர் உருவாக்க விடாது, ஆகவே தங்கச்சியின் ஹோம் போல்டருக்குள்ளேயே ஒன்றை உருவாக்கி அதில் மவுண்ட் பண்ணுங்கள்.

கொட்டாஞ்சேனை அச்சகம்:
அண்ணா, இடைவெளியை எடுத்தேன், ஆர்ஏ ஓடவிட்டேன், உபுண்டுவில் உடனே சேவ் ஆனது!! மெக்கும் மவுண்ட் ஆகிவிட்டது. கோடி நன்றி.

இப்போது வேறொன்று. 777ஐ எடுத்துவிட்டு 775 (உரிமையாளரும் அவர் குழுவும் மட்டும் எழுதலாம்) வைத்தேன், போல்டர் என் பெயரில் இருக்கிறது. என் மெசினிலிருந்து எழுதலாம், மெக்கிலிருந்து ‘பேர்மிஷன் டினைட்’. 777 இருந்தபோது தங்கச்சி போட்ட பைல் ஒன்றைப் பார்த்தால் உரிமையாளர் என்ற இடத்தில் பெயரே இல்லை, 501 என்று ஒரு எண்தான் நிற்கிறது. இரண்டு மெசினிலும் அவளுக்கு ஒரே யூசர் நேம்தான் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளவத்தை நிர்வாகி:
என்எஃப்எஸ்ஸில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சாதாரணமாக நாங்கள் பாவிக்கும் முறையில் கிளையன்ட் சேர்வருக்கு அனுப்புவது பெயரை அல்ல, எண்ணை. பாஸ்வேர்ட் கேட்பதும் இல்லை. ‘நான் 501, இதை எழுது’ என்று மெக் சொல்கிறது, சேர்வர் அதை அப்படியே நம்புகிறது. மெக்கில் முதல் ஆளுக்கு 501, உபுண்டுவில் முதல் ஆளுக்கு 1000. அதனால் உங்கள் மெசினில் நீங்களும் மற்ற உபுண்டுவில் இருப்பவரும் சேர்வருக்கு ஒரே ஆள், தங்கச்சியோ யாரென்றே தெரியாத ஆள். இது 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இதைக் கொண்டுவந்த காலத்துப் பழக்கம். அன்று வேர்க்ஸ்டேஷன் எல்லாம் ஒரே நிர்வாகியின் கையில் இருந்தது, எண்கள் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தன.

உங்களுக்கு நான் சொல்வது இது. சேர்வரில் ‘அச்சு’ என்று ஒரு யூசரை 1500 என்ற எண்ணோடு உருவாக்குங்கள், குழுவுக்கும் அதே எண். போல்டரை முழுதாக அந்த யூசரின் பெயருக்கு மாற்றுங்கள். எக்ஸ்போர்ட்ஸ் வரியில் ‘ஓல்_ஸ்குவாஷ், அனொன்யுஐடி=1500, அனொன்ஜிஐடி=1500’ சேருங்கள். யார் எந்த எண்ணோடு வந்தாலும் சேர்வர் அவர்களை 1500 ஆகவே எடுத்துக்கொள்ளும்.

தெஹிவளை கணக்காளர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஓல்_ஸ்குவாஷ் போட்டால் எந்தப் பைலை யார் மாற்றினார் என்று பிறகு தெரியாதே. எங்கள் ஒபிஸில் ஒவ்வொருவருக்கும் எல்லா மெசினிலும் ஒரே எண் கொடுத்து, பொதுக் குழு ஒன்றில் சேர்த்து, புதுப் பைல்களும் அந்தக் குழுவுக்கே போய் குழுவில் எல்லோரும் எழுதும்படி போல்டருக்கு 2775, யூமாஸ்க் 002 என்று வைத்திருக்கிறோம். ஆரம்ப வேலை கூட, ஆனால் ஒவ்வொரு பைலும் அதை உருவாக்கியவர் பெயரில் நிற்கும்.

வெள்ளவத்தை நிர்வாகி:
கணக்கு ஒபிஸுக்கு அது சரி, நானும் அதையே செய்வேன். மூன்று பேர் ஒரே கல்வெட்டைத் திருத்துகிற அச்சகத்துக்கு ஓல்_ஸ்குவாஷ் போதும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சேர்வரில் நேரே யாரும் உட்காருவதில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று தம்பி. புரூஃப் பார்க்க வருகிற வாடிக்கையாளருக்கு வைஃபை பாஸ்வேர்ட் கொடுக்கிறீர்களா?

கொட்டாஞ்சேனை அச்சகம்:
ஓம் அண்ணா, எல்லோருக்கும் கொடுப்பதுதான்.

வெள்ளவத்தை நிர்வாகி:
அப்படியென்றால் அவர்களும் 192.168.1க்குள்தான் இருக்கிறார்கள், லப்டொப்போடு வருகிற எவரும் உங்கள் போல்டரில் எழுதலாம். 0/24 என்று முழு நெட்வேர்க்குக்கும் கொடுக்காமல் மூன்று மெசினின் முகவரியை மட்டும் தனித்தனியாகப் போடுங்கள். ரவுட்டரில் அந்த மூன்றுக்கும் சேர்வருக்கும் முகவரியை நிரந்தரமாக்குங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த பிறகு எண் மாறி மறுபடி திண்டாடுவீர்கள். வைஃபையில் விருந்தினருக்கு வேறு பெயர், வேறு நெட்வேர்க்.

வத்தளை நண்பர்:
பெரிய பைல் சேவ் ஆகத் தாமதமாகிறது என்றால் சிங்க்குக்குப் பதில் ‘ஏசிங்க்’ போடலாம், நல்ல வேகம்.

வெள்ளவத்தை நிர்வாகி:
தயவுசெய்து வேண்டாம். ஏசிங்க்கில் டிஸ்க்கில் விழுவதற்கு முன்பே சேர்வர் ‘எழுதிவிட்டேன்’ என்று பதில் சொல்லிவிடும், அந்த நேரம் கரண்ட் போனால் பைல் இல்லை, கிளையன்ட்டுக்கு அது தெரியவும் தெரியாது. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டிய நாட்களை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சிங்க்கையே வையுங்கள், சேர்வருக்கு ஒரு யூபிஎஸ் வாங்குங்கள். அதே காரணத்துக்காக மவுண்டில் ‘சொஃப்ட்’ போடாதீர்கள், சேர்வர் திரும்பி வரும்வரை காத்திருக்கிற ‘ஹார்ட்’தான் பைலுக்குப் பாதுகாப்பு. கரண்ட் வந்ததும் மற்ற மெசின்கள் சேர்வருக்கு முன்னால் எழும்பிவிடும், ஆகவே உபுண்டு இரண்டிலும் எஃப்எஸ்டேப் (பூட் ஆகும்போது எவற்றை மவுண்ட் பண்ணுவது என்று எழுதும் பைல்) வரியில் ‘நோஃபெயில்’, ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஓட்டோமவுண்ட்’ இரண்டையும் சேருங்கள். போல்டரைத் திறக்கும்போதுதான் மவுண்ட் ஆகும், பூட் ஆகிறபோது தொங்கி நிற்காது.

இன்னொன்று, உங்கள் கல்வெட்டு விஷயத்துக்காக. இரண்டு பேர் ஒரே பைலை ஒரே நேரம் திறந்தால் என்எஃப்எஸ் தானாகத் தடுக்காது. லிப்ரே ஒபிஸ் ஒரு லொக் பைல் போட்டு எச்சரிக்கும், எல்லா மென்பொருளும் அப்படிச் செய்யாது. பழைய கொப்பி போல்டரில் கிடக்கும் வரை பழையது அச்சுக்குப் போகத்தான் செய்யும், ஆகவே குடும்பம் கையெழுத்திட்ட புரூஃபை மட்டும் ‘அச்சுக்கு’ என்ற வேறு போல்டரில் வையுங்கள். அதை வெளி டிஸ்க் ஒன்றுக்கு ஒவ்வொரு நாளும் கொப்பி எடுங்கள்.

கொட்டாஞ்சேனை அச்சகம்:
எல்லாம் செய்துவிட்டேன் அண்ணா. மூன்று முகவரி, சிங்க், ஓல்_ஸ்குவாஷ், 1500. எக்ஸ்போர்ட்எஃப்எஸ் ‘வி’ போட்டால் மூன்று வரி மட்டும்தான் வருகிறது, உலகத்துக்குத் திறந்தது ஒன்றும் இல்லை. ‘அச்சுக்கு’ போல்டரும் வைத்தாயிற்று. தங்கச்சி மெக்கிலிருந்து ஒரு கல்வெட்டை அதில் சேவ் பண்ணினாள், நான் என் மேசையில் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன், 14 பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். யூபிஎஸ் நாளைக்கு வருகிறது.